வந்தவர் எந்த உலாவியில் வந்தார்?

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கணினித் துறையில் இருக்கும் இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசியில் ஓர் அகப்பக்கத்தைத் திறக்கிறீர்கள். பக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உங்கள் உலாவி ஒரு வரியை அந்தப் பக்கத்தின் சேவையகத்துக்கு அனுப்பிவிடுகிறது. நான் இன்ன உலாவி, இன்ன பதிப்பு, இன்ன இயங்குதளத்தில் ஓடுகிறேன் என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரி. யூசர் ஏஜென்ட் என்று பெயர். 1996 மே மாதம் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த வரியைப் படித்து, வந்தவர் எந்த உலாவியில் வந்தார் என்று சொல்வதற்கென்றே லைப்ரரிகள் இருக்கின்றன. பெர்ல், பைத்தான், ரூபி, பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் என்று எந்த மொழியை எடுத்தாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. அப்படி ஒரு லைப்ரரியைப் பொதியாகக் கட்டி, முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய கணினிக்குள் அனுப்புகிறவர் என்னென்ன பொறுப்புகளை ஏற்கிறார் என்பதுதான் இன்றைய பேச்சு.

உலாவி எது என்று தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு காலத்தில் எல்லாமே முழுகிப்போயிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1990களின் பிற்பகுதியில் தமிழ் அகப்பக்கம் நடத்துவது எப்படி இருந்தது என்பது இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினியில் அது வேலை செய்யவில்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோடு விண்டோஸுக்குள் நுழைந்தது. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம். சென்னையில் 1999இல் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் இன்னொரு பக்கம். இதழ்கள் சொந்தமாக வைத்திருந்த எழுத்துருக்கள் வேறு. அந்த எழுத்துரு படிப்பவரின் கணினியில் இல்லையென்றால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகள் வரிசையாக நிற்கும்.

இதற்கு ஒரு வழி பிறந்தது. பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்றார்கள். 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் முறையைப் பயன்படுத்தியது. அதன் கோப்பு பிஎஃப்ஆர். அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 மைக்ரோசாஃப்டின் ஈஓடி கோப்பைக் கேட்டது. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் புரியாது. ஈஓடி கோப்போ, எந்த முகவரிக்காகக் கட்டப்பட்டதோ அந்த முகவரியில் இருந்தால்தான் திறக்கும். ஆகவே தமிழில் தளம் நடத்தியவர் ஒரே எழுத்துருவை இரண்டு வடிவில் கட்டி வைத்து, வந்தவருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுக்குக் கையில் இருந்த ஒரு கருவி யூசர் ஏஜென்ட் வரி.

அதாவது, ஆங்கிலத் தளத்தில் உலாவியைத் தவறாகக் கண்டுகொண்டால் ஒரு பட்டையோ பொத்தானோ இடம் மாறி நிற்கும். தமிழ்த் தளத்தில் தவறாகக் கண்டுகொண்டால் மொழியே மறைந்துபோகும்.

2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 வந்தது. அதில் ட்ரூடாக் இல்லை. பல தளங்களில் இருந்த நிரல் என்ன சொன்னது? நெட்ஸ்கேப், பதிப்பு 4 அல்லது அதற்கு மேல் என்றால் பிஎஃப்ஆர் அனுப்பு. 6 என்பது 4ஐ விடப் பெரிய எண். நிரல் சொன்னபடி செய்தது, படிப்பவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. உலாவியின் பெயரை வைத்து அதன் திறமையை ஊகிக்கக் கூடாது என்ற பாடத்தை உலகம் பிறகு பெரிய பெரிய கட்டுரைகளில் எழுதியது. தமிழ்த் தள நடத்துநர்கள் அதை அன்றே பட்டு அறிந்துவிட்டார்கள்.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. சிங்கப்பூரில் முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட உத்தமம் அமைப்பு நடத்திய மாநாடு அது. 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் ஊர்க்காரர். 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அந்த மாநாடு கூடியது. உலகத் தமிழர்களின் கணினிச் சிக்கல்களுக்கு வழி தேடிய ஊர்களில் இதுவும் ஒன்று. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

கணினியில் எழுத்துருச் சிக்கல் தீர்ந்ததும் உலாவியைக் கண்டுகொள்ளும் சிக்கல் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாள்கள் நினைவிருக்கிறதா? அப்போது நமக்கு ஆபத்பாந்தவனாக இருந்தது ஓபரா மினி. முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற தேர்வை ஆம் என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். பக்கத்தை முதலில் ஓபராவின் சேவையகம் படிக்கும், எழுத்துகளைப் படமாக்கும், சுருக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் தளத்துக்கு வந்து கதவைத் தட்டுவது ஓபராவின் சேவையகம். கிள்ளானில் இருக்கும் வாசகரின் கைப்பேசி அதற்குப் பின்னால் மறைந்து நிற்கும். அந்தக் கைப்பேசியின் உண்மையான வரியை ஓபரா தனியாக இன்னொரு தலைப்பில் சேர்த்து அனுப்பியது. அந்தத் தலைப்பையும் படிக்கத் தெரிந்த லைப்ரரிதான் சரியாகச் சொன்னது. தெரியாத லைப்ரரிகள் தமிழ் வாசகர் கூட்டத்தையே வேறு யாரோ என்று எண்ணிக் கணக்கு எழுதின.

இப்போது அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இன்று குரோம் அனுப்பும் வரி "மொசில்லா/5.0" என்று தொடங்குகிறது. மொசில்லா என்பது நெட்ஸ்கேப்புக்கு உள்ளே வைத்த பெயர். குரோமுக்கு அது எதற்கு? அன்று பல தளங்கள், மொசில்லா என்று சொன்னவருக்கு மட்டுமே நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் 1995இலேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டு, கம்பேட்டிபிள் என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது. நெட்ஸ்கேப்பின் வழிவந்த கெக்கோ பொறிக்கு நல்ல பக்கம் கிடைத்ததால், 2003இல் வந்த சஃபாரி "கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி" என்று எழுதிக்கொண்டது. 2008இல் குரோம் வந்தபோது இவை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வரியின் கடைசியில் சஃபாரி என்ற பெயரையும் வைத்துக்கொண்டது. 2020 ஜனவரியில் குரோமியத்தின் மேல் கட்டப்பட்ட புதிய எட்ஜ் வந்தது. குரோமின் வரி முழுவதையும் எடுத்துக்கொண்டு, இறுதியில் தன் பெயரை "எட்ஜ்" என்று முழுதாக எழுதாமல் ஆங்கிலத்தில் அதன் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்டது. பழைய எட்ஜுக்கென்று எழுதிய நிரல்கள் தன்மீது பாயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இத்தனையும் ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலில் நின்று பெயர் கேட்டுப் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் தள நடத்துநர்கள். உள்ளே வருவதற்காக உலாவிகள் பெயரைச் சேர்த்துக்கொண்டே போயின. 2009இல் வெளியான ஓபரா 10ஐ முன்கூட்டிச் சோதித்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதைப் பதிப்பு 1 என்று எண்ணித் தள்ளின. கடைசியில் ஓபரா தன் வரியில் 9.80 என்றே எழுதிவைத்து, உண்மையான எண்ணை வால் பகுதிக்குக் கொண்டுபோனது. ஒரு நிறுவனம் தன் புதிய பதிப்பின் எண்ணையே மறைக்க வேண்டி வந்தது, யாரோ எழுதிய நாலு வரி நிரலால்.

இனி பொதிக்கு வருகிறேன். இப்படிப்பட்ட லைப்ரரி ஒன்று டெபியன் லினக்ஸில் எப்படி நுழைகிறது என்று பார்த்தால் மற்றவையும் விளங்கும். பெர்ல் மொழிக்கு எச்டிடிபி பிரவுசர்டிடெக்ட் என்று ஒரு மாட்யூல் உண்டு. டெபியனில் அது லிப் என்று தொடங்கிப் பெர்ல் என்று முடியும் பொதிப் பெயரோடு இருக்கிறது. இதைப் போன்ற ஒன்றைப் புதிதாகக் கொண்டுவர நினைப்பவர், முதலில் ஐடிபி என்ற அறிவிப்பைப் பதிய வேண்டும். இதைப் பொதி செய்ய எண்ணியிருக்கிறேன் என்ற பொது அறிவிப்பு அது. மென்பொருளின் பெயர், எழுதியவர், உரிமம், எந்த மொழியில் எழுதியது, என்ன செய்யும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாதவர் அந்தப் பொதியைக் கட்டாமல் இருப்பதே நல்லது.

அடுத்து உரிமம். கோப்பு கோப்பாகப் பார்த்து யாருடையது, என்ன உரிமம் என்று எழுத வேண்டும். இது வெற்றுச் சடங்கு என்று எண்ண வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பெரிதும் பயன்படும் யுஏ-பார்சர்-ஜேஎஸ் முதலில் எம்ஐடி உரிமத்தில் இருந்தது; இரண்டாம் பதிப்பிலிருந்து கடுமையான நிபந்தனைகள் கொண்ட ஏஜிபிஎல் ஆகிவிட்டது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர், தம் பொதியை நம்பியிருக்கும் நிறுவனங்களைத் தெரியாமலே புதிய கடமைக்குள் தள்ளிவிடுவார்.

பிறகு கட்டுமானம். டெபியனில் பொதி கட்டப்படும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது. தேவையானது எல்லாம் பொதிக்குள்ளோ மற்ற டெபியன் பொதிகளிலோ இருக்க வேண்டும். கட்டும்போதே சோதனைகள் ஓட வேண்டும். புதியவர் கட்டியதை அனுபவம் உள்ள ஒருவர் பார்த்துத்தான் மேலேற்றுவார்.

இவ்வளவு கவனமும் உலாவியைக் கண்டுகொள்ளும் லைப்ரரி விஷயத்தில் ஒரு சங்கடத்தில் வந்து முடிகிறது. டெபியனின் நிலைப் பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு முறை வருகிறது. வெளியான பின் பாதுகாப்புக் குறைகளையும் கடுமையான பிழைகளையும் தவிர வேறு எதையும் பெரும்பாலும் மாற்றமாட்டார்கள். 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வெளியானபோது குரோம் 114ஆம் பதிப்பில் இருந்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்தபோது குரோம் 139. நடுவில் 25 பதிப்புகள் ஓடிவிட்டன. எண்கள் மாறுவதைப் பற்றிக் கவலையில்லை. ஒழுங்காக எழுதிய லைப்ரரி எந்த எண்ணையும் படிக்கும். புதிய பெயர்கள்தான் கவலை. 2019க்குப் பின் புதுப்பிக்கப்படாத லைப்ரரிக்குப் புதிய எட்ஜ் வெறும் குரோமாகத் தெரியும். நம் ஊரில் பலர் கையில் இருக்கும் ஹுவாவே கைப்பேசியின் உலாவியும் அதன் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

இதற்கு நல்ல வழி என்று எனக்குப் படுவது, நிரலையும் பட்டியலையும் பிரித்து வைப்பது. யுஏ-பார்சர் என்ற திட்டத்தில் (மேலே சொன்ன யுஏ-பார்சர்-ஜேஎஸ் வேறு, இது வேறு) அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உலாவிகளின் அடையாளங்கள் எல்லாம் ஒரே ஒரு யாமல் கோப்பில் இருக்கின்றன. பைத்தானும் ரூபியும் ஜாவாவும் கோவும் அந்த ஒரே கோப்பைப் படிக்கின்றன. பட்டியலைத் தனிப் பொதியாக்கி, அதற்கு நாள் குறித்து, அடிக்கடி புதுப்பிக்கலாம்; நிரலைத் தொட வேண்டியதில்லை. நேர மண்டலத் தகவல்களை டெபியன் நிலைப் பதிப்பின் நடுவிலேயே புதுப்பிக்கிறது. நாடுகள் நேரத்தை மாற்றுவது டெபியனுக்காகக் காத்திருக்காது என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. உலாவிப் பட்டியலுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டியலில் இல்லாத உலாவி வந்தால் லைப்ரரி என்ன சொல்ல வேண்டும்? தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தெரியாத லைப்ரரிகள் இருக்கின்றன. தெரியாததை எல்லாம் பழைய உலாவி என்ற கணக்கில் போட்டுவிடுகின்றன. அதை நம்பித் தளம் நடத்துகிறவர் என்ன செய்வார்? உங்கள் உலாவி பழையது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அறிவிப்பை மாட்டிவிடுவார். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருப்பவரின் தளத்துக்குத் தீபாவளிக்கு முன்பு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உலாவியால் படம் காட்ட முடியும், விலை காட்ட முடியும், பணம் கட்ட முடியும். பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அவரைத் திருப்பி அனுப்புவது எந்த வகையில் சரி? கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. வராதவரின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பக்கத்துக்கு ஒரு வசதி வேண்டுமென்றால் அந்த வசதி இருக்கிறதா என்று உலாவியிடமே கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது. பெயரைக் கேட்பதைக் கணக்கெடுக்கவும் பிழை தேடவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி, நமக்குப் பக்கத்து நாட்டிலிருந்து. நான் சொன்ன யுஏ-பார்சர்-ஜேஎஸ் லைப்ரரியை எழுதியவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த ஃபைசல் சல்மான். வாரத்துக்கு 70 இலட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்ட பொதி அது. 2021 அக்டோபர் 22, மலேசிய நேரப்படி வெள்ளிக்கிழமை இரவு, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் களஞ்சியத்தில் இருந்த அவருடைய கணக்கை யாரோ கைப்பற்றி 0.7.29, 0.8.0, 1.0.0 என்று மூன்று பதிப்புகளை ஏற்றிவிட்டார்கள். நிறுவிய மாத்திரத்தில் ஓடும் ஒரு சிறு நிரல் அவற்றில் ஒளிந்திருந்தது. லினக்ஸ் கணினிகளில் அது மறைவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டியது. விண்டோஸில் கடவுச்சொற்களையும் திருடியது. தம் அஞ்சல் பெட்டியில் திடீரென்று நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து குப்பை வந்து குவிந்ததைப் பார்த்துத்தான் ஏதோ நடக்கிறது என்று அவர் உணர்ந்தார். சுமார் நான்கு மணி நேரத்தில் 0.7.30, 0.8.1, 1.0.1 என்று சுத்தமான பதிப்புகளை வெளியிட்டார். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது. அந்த மூன்றில் ஒன்றை நிறுவிய கணினி முழுவதும் பறிபோனதாகவே கருதி, எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள் என்பதுதான் பயனர்களுக்குக் கிடைத்த அறிவுரை.

உலாவியின் பெயரைச் சொல்லும் ஒரு சிறிய லைப்ரரி. தனிமனிதர் ஒருவர் பராமரித்தது. அதன் மேல் உலகின் பெரிய நிறுவனங்கள் நின்றன.  ஃபைசல் சல்மான் அன்று இரவு விழித்திருந்து செய்ததற்கு உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

பொதி கட்டுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். எந்தப் பதிப்பு வேண்டுமோ அதைப் பூட்டுக் கோப்பில் பூட்டுங்கள். புதியது வந்த நிமிடமே இழுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வரும் வரியின் நீளத்துக்கு வரம்பு வையுங்கள். யூசர் ஏஜென்ட் வரியை எவரும் எப்படி வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். குறிப்பிட்ட வடிவில் எழுதிய வரி ஒன்றை அனுப்பி இதே லைப்ரரியைத் திணறவைக்க முடியும் என்ற குறை 2020லும் 2021லும் பதிவாகித் திருத்தப்பட்டது. வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே என்பது இந்த ஒரு வரிக்கும் பொருந்தும்.

தனியுரிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010இல் மின்னணு எல்லை அறக்கட்டளை நடத்திய ஆய்வில், கலந்துகொண்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு மற்றொன்றோடு ஒத்துப்போகாத தனி அடையாளம் கொண்டிருந்தன. யூசர் ஏஜென்ட், எழுத்துருப் பட்டியல், திரை அளவு என்று சிறுசிறு துண்டுகளைச் சேர்த்தே ஆளைப் பின்தொடர்ந்துவிடலாம். அரிதான தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவியிருப்பவர் இன்னும் எளிதாக அகப்படுவார். இதனால்தான் குரோம் தன் வரியைச் சுருக்கிக்கொண்டு வந்தது. 2023இலிருந்து ஆண்ட்ராய்டு குரோம் எந்தக் கைப்பேசியில் ஓடினாலும் ஆண்ட்ராய்டு 10, மாடல் கே என்றே சொல்கிறது. விவரம் வேண்டுமென்றால் தளம் தனியாகக் கேட்க வேண்டும். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டம் உங்களைத் தொடுகிறதோ இல்லையோ, தேவைக்கு மேல் ஒரு விவரத்தையும் சேர்த்து வைக்காதீர்கள்.

நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டின் விழுப்புரத்தில், பொறியியல் கல்லூரி ஒன்றில் டெபியன் பங்களிப்பாளர்களின் மினி டெப்கான்ஃப் மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக அளவிலான டெப்கான்ஃப் கூடியது. விழுப்புரம் பெருநகரம் அல்ல. அங்கே லினக்ஸ் பயனர் குழு நடத்தும் இளைஞர்கள் செய்ததைக் கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இருக்கும் நீங்கள் செய்ய முடியும். ஒரு சனிக்கிழமை கூடுங்கள். பராமரிப்பாளர் இல்லாமல் நிற்கும் பொதிகளின் பட்டியல் டெபியனில் எப்போதும் உண்டு, ஒன்றைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் யுஏ-பார்சரின் பட்டியலில் இல்லாத கைப்பேசியோ உலாவியோ உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டியின் பழைய கைப்பேசியாகக்கூட இருக்கலாம். உரியவரின் சம்மதத்தோடு அந்த வரியை மட்டும் எடுத்து, சோதனை வரியோடு சேர்த்து அந்தத் திட்டத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் அந்தக் கைப்பேசி உலகம் முழுவதும் அடையாளம் காணப்படும். இந்த மாதமே ஒன்றை அனுப்புங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.